துரா யூரோப்பஸ்: ஒரே மதிலோரம், இரண்டு வழிபாட்டிடங்கள்

இன்றைய சிரியாவில், யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது துரா யூரோப்பஸ் என்ற பழங்கால நகரத்தின் இடிபாடு. கி.பி. 256 வாக்கில் பாரசீகத்தின் சசானியப் படையைத் தடுக்க ரோமானியர் மேற்கு மதிலை ஒட்டி மண்ணைக் கொட்டி நிரப்பினார்கள். அதில் புதைந்ததால்தான் யூத ஜெப ஆலயமும் கிறிஸ்தவ வீட்டுச் சபையும் தப்பின. இரண்டுமே வீடாக இருந்து மாற்றப்பட்டவை.

ஜெப ஆலயம் பெரிய மண்டபம். மோசே, எஸ்தர், தீர்க்கதரிசி எசேக்கியேல் தரிசனத்தில் கண்ட உலர்ந்த எலும்புகள் என விவிலியக் காட்சிகளாகச் சுவரெங்கும் ஓவியம். யூதர்கள் உருவம் வரையவே மாட்டார்கள் என்ற பழைய நம்பிக்கையை அது உடைத்துவிட்டது. கிறிஸ்தவர்களின் ஓவியங்களோ சிறிய ஞானஸ்நான அறைக்குள் அடங்கிவிடுகின்றன: நல்ல மேய்ப்பன், நீர்மேல் நடக்கும் இயேசு. கைத்திறனும் எளியதுதான்.

ஒன்றை மட்டும் பார்க்க வாய்த்தால் டமாஸ்கஸ் அருங்காட்சியகத்திலுள்ள ஜெப ஆலய ஓவியங்களையே தேர்ந்தெடுப்பேன். யேல் பல்கலைக்கழகத்துக்குப் போன சபை ஓவியங்கள் மிகவும் மங்கிவிட்டன.