தஞ்சோங் துவான் பருந்துப் பயணம்: வழிகாட்டிக்கு முழு மதிப்பெண், நேர அட்டவணைக்குப் பாதிதான்

கோலாலம்பூரிலிருந்து தஞ்சோங் துவானுக்கு இரைகொல்லிப் பறவைகளைக் காண அழைத்துச் செல்லும் ஒருநாள் வேன் பயணத்தில், மார்ச் மாதச் சனிக்கிழமை ஒன்றில் நானும் என் மனைவியும் சேர்ந்துகொண்டோம். தலைக்கு 180 ரிங்கிட். வேன், காலைப் பசியாறல், மதிய உணவு, வழிகாட்டி, இரவலாக ஒரு பைனாகுலர் எல்லாம் அதில் அடக்கம். ஏற்பாட்டாளரின் பெயரை எழுதாமல் விடுகிறேன். நான் சொல்லப்போகும் குறை யாரிடமும் நேரக்கூடியது, பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது.

இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். போர்ட்டிக்சனுக்குத் தெற்கே கடலுக்குள் நீண்டிருக்கும் காட்டுக் குன்றுதான் தஞ்சோங் துவான். சுற்றிலும் நெகிரி செம்பிலான் மண் இருக்க, இந்தக் குன்று மட்டும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். உச்சியில் நிற்கும் வெள்ளைக் கலங்கரை விளக்கம் 1863இல் கட்டப்பட்டது. அதற்கு முன்பே போர்த்துகீசியர் அங்கே ஒரு விளக்கை ஏற்றியிருந்தார்கள். மலாக்கா நீரிணை இங்கே மிகவும் ஒடுங்கி, எதிரே இந்தோனேசியாவின் ரூப்பாட் தீவு சுமார் 38 கிலோமீட்டரில் வந்துவிடுகிறது. சுமத்திராவிலும் ஜாவாவிலும் குளிர்காலத்தைக் கழித்த தேன் பருந்துகள் வடக்கே சீனாவுக்கும் ஜப்பானுக்கும் சைபீரியாவுக்கும் திரும்பும்போது, கடலைக் கடக்க இந்தக் குறுக்கு வழியைத்தான் பிடிக்கின்றன. மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டிலிருந்து மார்ச் மாதத்தில் இங்கே பருந்து பார்க்கும் விழா நடத்திவருவதும் இதனால்தான். நாங்கள் போனது விழா நடக்காத ஒரு நாளில். கூட்டம் இல்லை, ஆனால் கலங்கரை விளக்க வளாகத்தின் கதவும் பூட்டியிருந்தது.

பருந்து பார்ப்பதில் நேரம்தான் எல்லாம். இந்தப் பறவைகள் இறக்கையை அடித்துக்கொண்டே நெடுந்தூரம் போவதில்லை. வெயிலில் சூடான தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றில் வட்டமிட்டு மேலேறி, அங்கிருந்து சறுக்கியபடியே அடுத்த சூட்டுக் காற்றைத் தேடிப் போகின்றன. கடலின் மேல் அந்தக் காற்று எழுவதில்லை. எனவே அக்கரையில் தரை சூடேறிய பிறகு கிளம்பி, கடல்மேல் சிறகடித்துக் களைத்து, பெரும்பாலும் காலை 11 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில்தான் இக்கரை சேர்கின்றன. களைத்து வருவதால் தாழ்வாக வருகின்றன. தாழ்வாக வருவதால்தான் நமக்கு முகம் காட்டுகின்றன. இதைத் தெரிந்துகொண்டு போட்ட நேர அட்டவணையா நமக்குக் கிடைக்கிறது என்பதே, இப்படியொரு சேவையை மதிப்பிட என் முதல் அளவுகோல்.

காலை 6 மணிக்குக் கிளம்ப வேண்டிய வேன் 6.40க்குக் கிளம்பியது. அதைப் பெரிதுபடுத்த மாட்டேன். காலை 8 மணிக்குப் பருந்து வராது. போர்ட்டிக்சனில் தோசையும் தே தாரிக் எனும் பால்தேநீரும் நன்றாகவே இருந்தன. நுழைவாயிலிலிருந்து உச்சிக்குப் போகும் தார்ச்சாலை குறுகிய தூரம்தான் என்றாலும் செங்குத்தாக ஏறுகிறது; முட்டி வலியுள்ளவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும். அடிவாரத்தில் குரங்குகள் பையைத் துழாவும் என்று வழிகாட்டி முன்கூட்டியே எச்சரித்தார். அப்படியும் எங்களோடு வந்த ஒரு மாணவர் தம் பிஸ்கட் பாக்கெட்டைப் பறிகொடுத்தார்.

வழிகாட்டி முப்பது வயதுக்குள் இருக்கும் தமிழ் இளைஞர். "அதோ, அங்கே" என்று கையை நீட்டுவதோடு நிற்கும் வழிகாட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் அப்படியில்லை. கையை முழுதாக நீட்டி விரல்களை நெருக்கிப் பிடிக்கச் சொன்னார். "கோபுரத்தின் வலது விளிம்பிலிருந்து நான்கு விரல், மர உச்சிக்கு மேலே இரண்டு விரல்" என்று அவர் சொன்னால், பைனாகுலரை அன்றுதான் முதன்முதலாகத் தொட்ட என் மனைவிக்கும் பறவை அகப்பட்டது. கடலோரத்தில் நிரந்தரமாக வசிக்கும் வெண்வயிற்றுக் கடற்கழுகையும் செம்பருந்தையும் முதலில் காட்டி, அவற்றின் அளவையும் இறக்கை வடிவையும் மனத்தில் பதியவைத்த பிறகே, வந்து சேரும் பறவைகளின் பக்கம் எங்களைத் திருப்பினார். பாடம் நடத்தத் தெரிந்தவரின் வரிசை அது.

குறை வந்தது நண்பகலில். அட்டவணைப்படி 12.15க்கு மலையிறங்கி, வேனில் நகருக்குப் போய்ச் சாப்பிட்டு, 2.30க்குத் திரும்ப வேண்டுமாம். பருந்து வரும் நேரத்தின் நடுப்பகுதியை அப்படியே வெட்டி எடுத்து மீன் கறிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஓட்டுநர் கீழிருந்து இரண்டு முறை அழைத்தார். வழிகாட்டி தயங்கியபடி என்னிடம், "அண்ணே, இப்ப இறங்கினா இன்னைக்கு வந்ததே வீணாப் போயிடும்" என்றார். ஐந்து பேர் மேலேயே தங்கிவிட்டோம், அவரும் எங்களோடு இருந்துவிட்டார். மற்ற ஐவர் சாப்பிடப் போனார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

12.50க்குக் கடலின் புகைமூட்டத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. முக்காலியில் பொருத்திய பெரிய தொலைநோக்கியில் பார்த்தபோது அது நீருக்குச் சற்று மேலே கனமாகச் சிறகடித்துக்கொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னொன்று, பிறகு ஏழு. முதல் பறவை முனையைத் தொட்டதும் சிறகடிப்பதை நிறுத்தி, இறக்கைகளை விரித்தபடி எங்கள் தலைக்கு மேல் மரத்தின் உயரத்தில் மிதந்தது. உடம்புக்குப் பொருந்தாத சிறிய தலை, புறாவின் தலை போல; நீண்ட கழுத்து; மஞ்சள் கண். மஞ்சள் கண் என்றால் பெண் பறவை, ஆணுக்குக் கண் கருமையாக இருக்கும் என்று வழிகாட்டி மெல்லச் சொன்னார். தேன்கூட்டையும் குளவிக்கூட்டையும் பிய்த்துப் புழுக்களைத் தின்னும் பறவையாதலால், கொட்டு விழாதபடி முகத்து இறகுகள் செதில்கள்போல நெருங்கிப் படிந்திருக்கின்றன. அதையும் தொலைநோக்கியில் பார்த்தேன். பிறகு அது குன்றின் சூட்டுக் காற்றைப் பிடித்து, ஒரு முறைகூடச் சிறகடிக்காமல் வட்டம் வட்டமாக ஏறி மறைந்தது. 2.30க்குள் நாங்கள் எண்ணியவை 64 தேன் பருந்துகள். சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் பார்த்தவை ஒன்பது.

இரவல் பைனாகுலர்கள் 8×42 அளவு (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்), புதியவர்களுக்குப் பொருத்தமானவை. எங்களுக்குக் கிடைத்த இரண்டில் ஒன்றின் கண்ணாடியில் பூஞ்சை படிந்திருந்ததால் சொந்தக் கருவி இருந்தால் கொண்டுபோவதே நல்லது. மேலே நிழல் குறைவு. தொப்பியும் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரும் வேண்டும்.

மதிய உணவைப் பொட்டலமாகக் கட்டி மலைமேலேயே கொடுத்துவிடலாமே என்று ஏற்பாட்டாளருக்கு எழுதினேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்திருக்கிறது. பரிசீலிக்கட்டும். அடுத்த மார்ச்சுக்கு அதே வழிகாட்டியைக் கேட்டு இரண்டு இடம் பதிவு செய்துவிட்டேன். புளிச்சாதம் எங்கள் வீட்டிலிருந்தே வரும்.