ஆங்கிலம் பேசப் பழக: உச்சரிப்புச் செயலியா, வாட்ஸ்அப் குரல் பதிவா?

ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கும் அரசுப் பள்ளி ஆசிரியை நான். இரண்டையும் மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்துவிட்டு, குரல் பதிவுதான் என்று முடிவு செய்திருக்கிறேன்.

செயலிகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கூச்சப்படும் பிள்ளை எத்தனை முறை தவறினாலும் அவை சலித்துக்கொள்வதில்லை. கூகுளின் ரீட் அலாங் இணையம் இல்லாமலும் வாசிப்பைக் கேட்டுத் திருத்தும். ஆனால் அதன் கதைகள் சிறு பிள்ளைகளுக்கானவை. எல்சா (ELSA) போன்ற உச்சரிப்புச் செயலிகள், 'ஜூ' (zoo) என்பதைச் 'சூ' என்று ஒலித்தால் உடனே பிடித்துவிடும். முழுப் பாடங்களுக்குச் சந்தா உண்டு. ஆனால் இவற்றில் பெரும்பாலான பயிற்சி, திரையில் இருக்கும் வாக்கியத்தைச் சொல்வதுதான். என் மாணவர்கள் திணறுவதோ சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்கும் இடத்தில்.

எல்லாவற்றுக்கும் மேலாக, போன் யாருடையது என்று பார்க்க வேண்டும். பல வீடுகளில் அது அப்பாவுடையது; காலையில் அவரோடு வேலைக்குப் போய் இரவில்தான் திரும்புகிறது. அதன்பின் தம்பிக்கு விளையாட வேண்டும், அம்மாவுக்கு ஊருக்குப் பேச வேண்டும். பிள்ளையின் கைக்கு வரும் கொஞ்ச நேரத்தில் பாதி, செயலியைப் புதுப்பிப்பதிலும் கடவுச்சொல்லைத் தேடுவதிலும் போய்விடுகிறது. போனில் இடம் இல்லையென்றால் முதலில் நீக்கப்படுவதும் அந்தச் செயலிதான். வாட்ஸ்அப்பை யாரும் நீக்குவதில்லை. ஒரு நிமிடக் குரல் பதிவு அரை எம்.பி.கூட வராது.

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தாய் என்று ஆங்கிலத்தில் குரல் பதிவாக அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவியிடமிருந்து 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரிகள் அடுத்தடுத்து வந்தன. கடைசியில் ஒரு பதிவு நின்றது. பின்னணியில் குக்கர் விசில். அதற்கு நடுவே 'ஐ கோ' என்று தொடங்கி, நிறுத்தி, 'ஐ வென்ட் டு மை பெரியம்மாஸ் ஹவுஸ்' என்று தானே திருத்திக்கொண்டாள். தன் குரலைத் தானே கேட்டுத் திருத்தும் இந்தப் பழக்கம்தான் எனக்கு வேண்டும்.

இதில் சுமை ஆசிரியருக்கு. எல்லாருடைய பதிவையும் ஒரே இரவில் கேட்க முடியாது. வகுப்பைப் பிரித்து ஆளுக்கொரு நாள் ஒதுக்கியிருக்கிறேன். குழுவில் போடச் சொல்லாதீர்கள். பெண் பிள்ளைகளின் வீட்டு எண் எல்லார் கண்ணிலும் படும். பெற்றோரிடம் முன்பே பேசிவிட்டு, தனிச் செய்தியாக வாங்குங்கள்.

செயற்கை நுண்ணறிவோடு நேரடியாக உரையாடும் வசதியை ஓரிரு மாணவர்களிடம் மட்டுமே பார்த்தேன். அது நீளமாகப் பதில் சொன்னதும் வாயடைத்துப்போனார்கள். அதை வைத்து நல்லது, கெட்டது என்று சொல்லிவிட முடியாது. பிள்ளைக்கென்றே தனிப் போன் இருக்கும் வீட்டில் உச்சரிப்புச் செயலியையும் சேர்த்துக்கொள்ளலாம். இலவசப் பகுதியை ஒரு மாதம் விடாமல் பயன்படுத்துகிறதா என்று பார்த்துவிட்டுச் சந்தா கட்டுங்கள்.