குறைந்த சத்தத்தில் பாட்டு: லவுட்னஸ் பட்டனா, பேஸ் குமிழா?

ராத்திரி சத்தத்தைக் குறைத்தால் முதலில் காணாமல் போவது பேஸ்தான். ஆம்ப்ளிஃபயர் மேல் தப்பில்லை. சத்தம் குறையக் குறைய நம் காதுக்கே கீழ்ஸ்தாயி சரியாக எட்டாது. பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை வரைபடமாகப் போட்டுக் காட்டிவிட்டார்கள்.

இதற்குத்தான் லவுட்னஸ் பட்டன். ஒரு அழுத்து, பேஸ் ஏறும். வால்யூமைக் கூட்டினால் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். வசதிதான். ஆனால் அது பார்ப்பது வால்யூம் குமிழ் நிற்கும் இடத்தை மட்டுமே, அறையில் எவ்வளவு சத்தம் என்பதை அல்ல. குறைந்த வாட்டிலேயே உரக்கப் பாடும் ஸ்பீக்கர் என்றால் குமிழ் எப்போதும் கீழேயே கிடக்கும். தேவையில்லாத நேரத்திலும் பேஸ் திம்திம்மென்று வரும். யமஹாவின் சில மாடல்களில் லவுட்னஸுக்கே தனிக் குமிழ் உண்டு: வழக்கமாகக் கேட்கும் அதிகபட்ச சத்தத்துக்கு வால்யூமை வைத்துவிட்டு, இதைத் திருகிச் சத்தத்தைக் குறைக்க வேண்டும். அதில் இந்தத் தொல்லை இல்லை.

பேஸ், ட்ரெபிள் (மேல்ஸ்தாயி) குமிழ்களில் அளவு நம் கையில். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த ஒலி தரும் பக்கம், தெளிவாகக் கேட்கும்வரை பேஸைத் திருகலாம். ரொம்ப ஏற்றினால் ஆண் குரலும் கனத்துவிடும், அவ்வளவுதான். காலையில் வால்யூமைக் கூட்டும்முன் நடுவுக்குக் கொண்டுவர மறக்கக் கூடாது.

சாதாரண பட்டனா குமிழா என்றால் என் ஓட்டு குமிழுக்கே. ட்ரெபிளை மட்டும் லேசாகத் தொட்டால் போதும். அந்தப் பக்கம் காது இழப்பது கொஞ்சம்தான்.