வளர்ந்த மகிழ மரத்தை வாங்கி நட்ட அனுபவம்

கோலாலம்பூர் கெப்போங்கில் மூலை வீடு வாங்கியிருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "உங்க வீட்டு மகிழம் மாதிரி நானும் வளர்ந்த மரமாவே ஒன்னு இறக்கிடலாம்னு இருக்கேன். எப்படி, நல்லா இருக்கா?"

மரம் நன்றாக இருக்கிறது. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் அவருக்குத் துரோகம் செய்ததாகிவிடும். இப்போதுதான் மரத்தின் அடியைத் தோண்டிச் சரிசெய்து முடித்தோம். கோபம் இன்னும் ஆறவில்லை.

சுங்கை பூலோ நர்சரிகளைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மலாய்ப் பெயரில் "தஞ்சோங்" என்று கேட்டால் எல்லா உயரத்திலும் காட்டுவார்கள். வேரைச் சுற்றி ஒட்டியிருக்கும் தாய்மண்ணோடு ஒரு மீட்டர் அகலத்துக்கு எடுத்தாலே எடை ஏறக்குறைய ஒரு டன் வந்துவிடும். அதனால் மரத்தின் விலையைவிட கிரேன் லோரிக்கும் ஆள்கூலிக்கும்தான் காசு கையைக் கடிக்கும். செந்தூலில் எங்கள் தெரு குறுகல் வேறு. இதெல்லாம் தெரிந்தே போட்ட பணம், அதில் வருத்தமில்லை.

என் புகார் ஒன்றே ஒன்று: ஆழம்.

பொதுவாக மரத்தின் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் யானைப் பாதம்போல அகன்று, அங்கிருந்துதான் வேராகப் பிரியும். அந்த அகன்ற அடி வெளியே தெரிய வேண்டும். குழி தாய்மண்ணின் உயரத்தைவிட ஆழமாக இருக்கக் கூடாது. அகலம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு இருக்க வேண்டும். எங்களுக்கு நட்டுக்கொடுத்த கொண்டிராக்டரின் ஆட்கள் செய்தது நேர் எதிர். கிணறு மாதிரி குறுகலாகத் தோண்டி, மரத்தை இறக்கி, மேலே மண்ணைக் குவித்து மிதித்துவிட்டுப் போனார்கள். ஆழமாகப் புதைத்தால் மரம் சாயாது, முட்டுக்கழி அதிகம் தேவைப்படாது, மாலைக்குள் வேலை முடிந்துவிடும். அவர்களுக்கு லாபம். மரத்துக்கு? வேர் மூச்சுவிட மண்ணில் காற்று வேண்டும். தண்டுப் பட்டை ஈரம் உலர்ந்து வெளிக்காற்றில் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் கெடுத்தார்கள்.

ஆறு மாத வாரண்டி என்று ஒரு காகிதமும் கொடுத்தார்கள். ஆனால் பெரிய மரம் பெரும்பாலும் ஆறு மாதத்தில் சாகாது. தோண்டி எடுக்கும்போதே தண்ணீர் உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பகுதி அறுந்து நர்சரியிலேயே தங்கிவிடுகிறது. இருந்தாலும் தண்டில் சேர்த்துவைத்த மாவுச்சத்தைக் கொண்டு மரம் ஒருமுறை தளதளவென்று துளிர்க்கும். நாமும் பிடித்துக்கொண்டது என்று சந்தோஷப்படுவோம். உண்மையில் அது கையிருப்பைக் கரைத்துச் சாப்பிடுகிறது. கையிருப்பு தீர்ந்த பிறகுதான் உச்சி காயத் தொடங்கும். அதற்குள் வாரண்டி முடிந்திருக்கும். எங்கள் மரமும் முதல் வருஷம் பச்சைப்பசேல் என்று நின்றது. அடுத்த வருஷம் உச்சியில் இலை சிறுத்து, நுனிக்கிளைகள் பட்டுப்போயின. போன் போட்டால், "உரம் போடுங்க அண்ணே" என்றார்கள். மூச்சுத் திணறும் வேருக்கு உரம் போடச் சொன்ன அந்தப் பதிலை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

"கோலாலம்பூர்லதான் மழை கொட்டுதே, தண்ணி எதுக்கு ஊத்தணும்?" என்றும் கேட்பார்கள். மகிழத்தின் இலை அடர்த்தியில் சின்ன மழை அடிமரத்துக்கு வந்தே சேராது. கொண்டுவந்த தாய்மண்ணும் சுற்றியுள்ள மண்ணும் வேறு வேறு; தாய்மண் காய்ந்து கிடக்கும்போது பக்கத்து மண் ஈரமாக இருக்கும். முதல் வருஷம் முழுக்க, முக்கியமாக மழை குறையும் ஜனவரி, பிப்ரவரியிலும் ஜூன், ஜூலையிலும், தாய்மண்ணைத் தொட்டுப் பார்த்துக் குழாயை மெல்லத் திறந்துவிட வேண்டும். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் சாயங்கால இடிமழைக்கு எங்கள் குழி குளமாகிவிடும். வீடு கட்டியபோது கொட்டிய செங்கல் சில்லும் களிமண்ணும்தான் நம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் பெரும்பாலும் மண் என்ற பெயரில் கிடக்கிறது. குழி தோண்டியதும் ஒரு முறை தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் நின்றால் அந்த இடம் வேண்டாம்.

கடைசியில் மரம் பார்க்கத் தெரிந்த ஒரு தம்பியை அழைத்துவந்தோம், முறையாகப் படித்த ஆர்போரிஸ்ட். காய்ந்த உச்சியை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடியில் குந்தி உட்கார்ந்து, "தண்டு தூண் மாதிரி நேரா இறங்குது பாருங்கண்ணே, அடி அகலவே இல்லை" என்றார். கைக்கரண்டியாலும் குழாய்த் தண்ணீராலும் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினார். ஒரு முழம் இறங்கிய பிறகுதான் அகன்ற அடி தென்பட்டது. அதற்கு மேலே, மூச்சுக்காகத் தண்டிலிருந்தே கிளம்பிய புதுவேர்கள் சுற்றிச் சுற்றி ஓடியிருந்தன. பெருவிரல் தடிமனுக்கு ஒரு வேர் தண்டின் குறுக்கே இறுக்கிப் பிடித்திருந்தது. அதற்கும் கீழே நர்சரியில் கட்டிய நைலான் கயிறு, அவிழ்க்காமலே விட்டது, பட்டைக்குள் புதைந்து கிடந்தது. கயிற்றை வெட்டி, அந்த வேரைச் சின்ன ரம்பத்தால் அறுத்து எடுத்தார். பட்டை கறுத்து ஊறியிருந்தது. நகத்தால் லேசாகக் கீறிக் காட்டினார், உள்ளே பச்சை. எனக்குப் போன உயிர் திரும்பியது.

2024 மே மாதம் நகரின் ஜாலான் சுல்தான் இஸ்மாயில் சாலையில் பெரிய மரம் விழுந்து ஒருவர் இறந்தார், 17 வாகனங்கள் சேதமாயின. அந்த வாரம் பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் கேட்டருகே நின்று எங்கள் மரத்தையும் தன் காரையும் மாறி மாறிப் பார்த்தார். மகிழம் வலுவான மரம், பயம் வேண்டாம் என்றேன். மரம் வலுவானதுதான். அதன் கழுத்தைக் கயிற்றோடு புதைத்துவிட்டுப் போனவர்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

சரி, மரத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அடியைத் திறந்துவிட்ட பிறகு பூத்த பூவைப் பார்க்க வேண்டுமே! சுண்டுவிரல் நகத்தளவுதான், வெளிறிய நட்சத்திரம், நடுவில் துளை. விடியும் முன்பே உதிர்ந்து கிடக்கும். ஊசியே வேண்டாம், மகள் ஈர்க்குச்சியில் கோத்துவிடுவாள். காய்ந்து பழுப்பானாலும் வாசம் போவதில்லை, அலமாரித் துணியெல்லாம் மணக்கிறது. எதிர்வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா) காலையில் பையோடு வந்து பொறுக்கிக்கொண்டு போவார். திருவொற்றியூரில் சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்தது மகிழ மரத்தடியில்தான் என்று எங்கள் அத்தை வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்லிக் கையில் நாலு பூவும் கொடுத்து அனுப்புவார். பழம் வந்தால் ராத்திரியில் வௌவால் வரும், விடிந்தால் கார் மேல் கொட்டையும் எச்சமும் இருக்கும். கழுவிவிட்டால் போயிற்று.

இந்த மரத்தை யாராவது திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று வந்தால் கேட்டையே திறக்க மாட்டேன். இருந்தும் நண்பருக்கு நான் சொன்ன பதில்: வாங்காதீர்கள். இடுப்புயரக் கன்று வாங்குங்கள். அது வேரை இழக்காமல் வருவதால் சீக்கிரம் ஊன்றிக்கொள்ளும். பெரிய மரம் இழந்த வேரைத் தேடிக்கொண்டிருக்கும் வருஷங்களில் அது பாதித் தூரம் வளர்ந்துவிடும். மகிழம் மெதுவாக வளரும் மரம்தான், அதையும் யோசித்துத்தான் சொல்கிறேன்.

இல்லை, பெரிய மரம்தான் வேண்டும் என்றால் வாரண்டிக் காகிதத்தை நம்பாதீர்கள். கிரேனில் மரம் தொங்கும்போதே குழியின் குறுக்கே ஒரு கம்பை வைத்து, கயிறு, சாக்கு எல்லாம் அவிழ்த்தாகிவிட்டதா, அகன்ற அடி கம்புக்கு மேலே நிற்கிறதா என்று நீங்களே பாருங்கள். பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.