ஸ்பா தொட்டி கட்டுகிறீர்களா? பில்லில் உள்ள எர்த் குழியைத் தோண்டிப் பாருங்கள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் வீட்டில் ஸ்பா தொட்டி கட்டித் தரும் ஆட்களிடம் "வயரிங்கும் சேர்த்து" என்று பேக்கேஜ் பேசியிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம். வெந்நீரில் நின்று பயிற்சி செய்தால் நல்லது என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார், துபாயில் இருக்கும் தம்பி பணம் அனுப்பினான். காட்பாடி வீட்டின் பின்பக்கம் தரைக்குள் இறக்கிக் கட்டிய தொட்டி. 3 கிலோவாட் ஹீட்டர், ஒன்றரை எச்பி பம்பு, பிடித்து இறங்க எஸ்எஸ் கைப்பிடி. வேலூர் வெயிலுக்கு வெந்நீர்த் தொட்டியா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். டைல்ஸ் வேலை அருமை, அதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குத் தெரிகிற வேலை எல்லாமே அருமைதான்.

கொஞ்ச நாளில் அம்மா, "கைப்பிடியத் தொட்டா சுருக்குன்னு இழுக்குதுடா" என்றார். கான்ட்ராக்டருக்குப் போன் போட்டேன். "புது எஸ்எஸ் சார், ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும், போகப் போக சரியாயிடும்" என்றார். போகப் போக சரியாகிற ஷாக்கை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

எங்கள் தெருக்கோடியில் ஈபியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டேன். தொட்டியிலிருந்து தள்ளி, ஈரமான தோட்ட மண்ணில் ஒரு கம்பியை அடித்து, அதற்கும் கைப்பிடிக்கும் நடுவில் மல்டிமீட்டர் வைத்தார். 40 வோல்ட் காட்டியது. "தம்பி, அம்மாவ எறங்க விடாதப்பா" என்றார். காய்ந்த கையில் 40 வோல்ட் சுருக்கென்று இழுப்பதோடு போய்விடலாம். கழுத்துவரை தண்ணீரில் இருக்கும் உடம்புக்கு அது வேறு கணக்கு. தண்ணீருக்குள் இருக்கும் விளக்குக்கே 12 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று விதி வைத்திருப்பது அதனால்தான்.

அடுத்து, ஒயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை, கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த் ஒயரில் மாட்டினார். 0.1 ஆம்பியர், அதாவது 100 மில்லி ஆம்பியர் கசிவு. ஹீட்டர் காயிலில் ஈரம் ஏறியிருக்கிறது. ஹீட்டர் என்றால் என்றைக்காவது கசியத்தான் செய்யும். கசிந்ததும் லைனைத் துண்டிக்கத்தானே ஆர்சிசிபி இருக்கிறது, அது ஏன் விழவில்லை?

பாக்ஸைத் திறந்தால் பதில் மூஞ்சிக்கு நேராக இருந்தது. நல்ல பிராண்ட் ஆர்சிசிபிதான். ஆனால் முகப்பில், எவ்வளவு கசிவுக்கு விழும் என்ற இடத்தில், 300 மில்லி ஆம்பியர் என்று இருந்தது. மனுஷன் உயிரைக் காக்கப் போடுவது 30. 300 என்பது தீப்பிடிக்காமல் இருக்கப் போடுவது. 100 மில்லி ஆம்பியர் ஒரு ஆள் வழியாகப் போனால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடலாம், 300 போட்ட ஆர்சிசிபி அப்போதும் அசையாது. ஒப்படைக்கும் அன்று டெஸ்ட் பட்டனை அழுத்தி "பாத்தீங்களா சார், டக்குன்னு விழுது" என்று காட்டினார்களே, அந்தப் பட்டன் 300-லும் விழும், எர்த்தே இல்லாத வீட்டிலும் விழும். 30 போட்டிருந்தால் ஹீட்டர் கசியும் போதெல்லாம் விழுந்து, இவர்களுக்குப் போன் மேல் போன் போயிருக்கும். அந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் 300 போட்டிருக்கிறார்கள் என்பது என் அனுமானம்.

இன்னொரு கணக்கும் ஃபோர்மேன் அங்கேயே போட்டார். 40 வோல்ட்டை 0.1-ஆல் வகுத்தால் 400. அப்படியென்றால் எர்த்தின் தடை 400 ஓம். முழு ஷார்ட்டே ஆனாலும் 230 வோல்ட்டுக்கு அரை ஆம்பியர் சொச்சம்தான் மண்ணுக்குள் போகும். கரண்ட் அளவு மீறினால் மட்டும் விழும் 32 ஆம்பியர் எம்சிபிக்கு அது உறைக்கவே உறைக்காது. "எம்சிபி இருக்கு சார், பயப்படாதீங்க" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

பில்லில் இப்படி இருக்கிறது: "எர்த் பிட், காப்பர் பிளேட் – ரூ. 14,000." விதிப்படியான பிளேட் 60-க்கு 60 சென்டிமீட்டர், 3.15 மில்லிமீட்டர் தடிமன். செம்பில் அது 10 கிலோ வரும். சிமென்ட் மூடியை எடுத்துத் தோண்டினோம். மேலே ஒரு சாண் கரியும் உப்பும் ஒழுங்காகத்தான் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே முழங்கால் உயரத்துக்கு ஒரு ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), அதில் பச்சை ஒயரைக் கட்டுக்கம்பியால் சுற்றியிருந்தார்கள். அதற்கும் கீழே பாறை. "இது ஷோவுக்கு வெச்சதுப்பா" என்றார் ஃபோர்மேன். குழாய்தான் என்றாலும் இரண்டரை மீட்டராவது இறங்கியிருக்க வேண்டும். நம்ம ஊர் மண் கோடையில் எப்படிக் காயும் என்று சொல்ல வேண்டியதில்லை, பாறை தட்டினால் துளை போட்டு ராடு இறக்குவதுதான் வழி. செலவு பிடிக்கும் வேலை, அதனால் பாறை தட்டிய இடத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். ஹீட்டரின் 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் தொட்டிக்குள் இருந்தபடி கை நீட்டினால் எட்டும் இடத்தில் இருந்தது. தண்ணீர் ஓரத்திலிருந்து 2 மீட்டருக்குள் சுவிட்சும் பிளக்கும் இருக்கக் கூடாது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைக் கைப்பிடியோடும் பம்பு பாடியோடும் சேர்த்துக் கட்டவே இல்லை. எல்லா உலோகமும் ஒன்றாக இணைந்திருந்தால்தான் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் வோல்டேஜ் வித்தியாசம் வராது. கான்கிரீட் போட்டுவிட்டால் இதைப் பார்க்க முடியாது, அதற்கு முன்பே போட்டோ எடுத்து வையுங்கள். எங்கள் வீட்டில் ஒரு மூலை டைல்ஸை உடைத்துத்தான் கம்பியை எடுத்தோம்.

உரிமம் உள்ள வேறு ஆளை வைத்து எல்லாவற்றையும் மாற்றியாயிற்று. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, துளை போட்டு இறக்கிய இரண்டு எர்த் ராடு, தள்ளி வைத்த பாக்ஸ், புது ஹீட்டர். எர்த் டெஸ்டரில் இப்போது 5 ஓமுக்குக் கீழே காட்டுகிறது. அம்மா மறுபடி இறங்குகிறார், கைப்பிடியை மட்டும் இன்னும் துண்டு சுற்றித்தான் பிடிக்கிறார்.

பழைய கான்ட்ராக்டர் முதலில் "ஹீட்டர் கம்பெனி மேல தப்பு" என்றார். குழாய் போட்டோவை அனுப்பியதும் "எங்க ஆளு ஏமாத்திட்டான் சார்" என்றார். 14,000 மட்டுமாவது திருப்பிக் கொடுங்கள் என்றதற்கு அப்புறம் போன் எடுப்பதில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய். பிரச்சினை நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்தும் புகார் பதியலாம். பில், வாட்ஸ்அப் பேச்சு, தோண்டும்போது எடுத்த வீடியோ, அந்த ஜிஐ குழாய் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மனு நிலுவையில் இருப்பதால் பெயரை இங்கே போடவில்லை. இதே ஆட்கள் இப்போது ராணிப்பேட்டை பக்கம் ஒரு வீட்டில் குழி வெட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அது உங்கள் வீடாக இருந்தால், கான்கிரீட் போடும் முன் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்கள்.