ஈசிஆர் பூங்காவில் அந்தரத்தில் நாற்பது நிமிடம்

சென்னைக்கு மோனோரயில் வரும் என்று 2011-இல் பெரிதாகப் பேசினார்கள். வந்தது என்னவோ 2015-இல் மெட்ரோ. சரி, ஈசிஆர் பக்கம் ஒரு பூங்காவிலாவது ஏறிப் பார்ப்போம் என்று போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போனோம்.

பதினோரு மணிக்கே "சின்ன பழுது, பத்து நிமிடம்" என்றார்கள். அந்தப் பத்து நிமிடம் முடிய ஐம்பது நிமிடம் ஆயிற்று. அப்புறம் ஏறினோம். அலைக்குளத்துக்கு மேலே போய் வண்டி நின்றது, ஏசியும் நின்றது. ஜன்னல் திறக்காது. கீழே ஜனங்கள் தண்ணீரில் ஆட்டம் போட, மேலே நாங்கள் வேர்வையில் குளித்தோம். மாமியார் பூங்கா வரைபடத்தை நாலாக மடித்து விசிறிக்கொண்டே, "இதுக்கு 21ஜி பஸ்ஸே தேவலாம்டி" என்றார்.

இறங்கி நடக்கவும் வழியில்லை. ரப்பர் டயர்கள் ஒற்றை கான்கிரீட் உத்தரத்தைக் கவ்விக்கொண்டு ஓடுகிற வண்டி இது. இருபுறமும் வெறும் காற்றுதான். நாற்பது நிமிடம் கழித்து இன்னொரு வண்டி வந்து இழுத்துப் போனது.

பணம் திரும்பக் கிடைக்கவில்லை. ஆளுக்கு ஒரு மோர் பாக்கெட் கொடுத்தார்கள். மோர் நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக் கூடாது. வாசலில் நின்ற பையன்தான் பாவம், எல்லார் திட்டையும் வாங்கிக்கொண்டு பாட்டிகளுக்கு நாற்காலி தேடிக் கொடுத்தான்.

முட்டி வலிக்காரர்களை அழைத்துப் போகிறவர்கள் மோனோரயிலை நம்ப வேண்டாம்; நுழைவாயிலிலேயே பேட்டரி வண்டி கேளுங்கள். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அதில் ஒன்று அந்தப் பையனுக்கு.