முருங்கைப் பொடி ஏற்றுமதிக்கு ஃபார்வர்ட் புக்கிங் எடுத்த அனுபவம்

அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கை இலை வாங்கி, நிழலில் உலர்த்தி, பொடியாக்கி ஜெர்மனிக்கு அனுப்புகிறேன். என் வங்கியில் டாலருக்கு ஃபார்வர்ட் புக்கிங், அதாவது பின்னால் வரப்போகும் டாலருக்கு ரூபாய் விலையை இன்றே பேசி முடித்து வைப்பது, எடுத்தது எப்படி இருந்தது என்று, என்னைப் போன்ற சின்ன ஏற்றுமதியாளர்களுக்காக எழுதுகிறேன்.

2025 பிப்ரவரி கடைசியில் டாலர் 87 ரூபாய்க்கு மேல். இன்னும் ஏறும் என்றுதான் பேச்சு. என் கையில் 4 டன் ஆர்டர், கிலோ நாலரை டாலர், ஆக 18,000 டாலர். பணம் மே மாதம் வரும். கிலோவுக்கு எனக்கு மிஞ்சுவது 20 ரூபாய்தான். ஒருவேளை டாலர் இறங்கிவிட்டால் என்று பயந்துபோய் மே மாதத்துக்குப் புக் செய்யக் கேட்டேன். கிளையில் முதலில் 87.40 என்றார்கள். அன்றைய சந்தை விலையைக் காட்டிப் பேசியதும் 87.65க்கு வந்தார்கள். அந்த 25 பைசாவே 4,500 ரூபாய், அதனால் பேரம் பேசக் கூச்சப்படாதீர்கள்.

மே முதல் வாரம் பணம் வந்த அன்று டாலர் 84.40. எனக்கு 87.65 கணக்கிலேயே வரவு வைத்தார்கள். புக் செய்யாமல் விட்டிருந்தால் 58,500 ரூபாய், கிலோவுக்கு 14 ரூபாய்க்கு மேல் போயிருக்கும். இலைக்காரர்களுக்கும், தட்டுத் தட்டாக இலை உருவிப் பரப்பும் பெண்களுக்கும் மார்ச்சிலேயே ரூபாயில் கொடுத்தாகிவிட்டது. ரூபாய் வலுத்துவிட்டது என்று அவர்களிடம் போய்த் திருப்பிக் கேட்க முடியுமா? ஜெர்மனிக்காரரும் பேசிய டாலருக்கு மேல் ஒரு சென்ட் தரமாட்டார். நடுவில் இருப்பவன் தலையில்தான் விடியும். அப்புறம் அடுத்த பருவத்தில் அவன் இலை விலையைக் குறைப்பான், அடி விவசாயிக்குப் போய்ச் சேரும்.

ஜூலையில் 86 சொச்சத்துக்குப் புக் செய்தேன். செப்டம்பரில் டாலர் 88ஐத் தாண்டியிருந்தது. அந்த லாபம் எனக்கில்லை. அதில் வருத்தமும் இல்லை.

குறை ஒன்று உண்டு. ஜூலை புக்கிங்கை ஒரே தேதிக்குப் போட்டுவிட்டார்கள். கப்பல் தாமதமாகிப் பணம் தள்ளிப் போனதும், தேதி நீட்டிக்கக் கட்டணம் பிடித்தார்கள். அப்படி ஒன்று இருப்பதை முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. "1ஆம் தேதி முதல் 31க்குள் எப்போது வேண்டுமானாலும்" என்று கேட்டால் அப்படியும் போட்டுத் தருவார்கள். கேட்டு எழுதி வாங்குங்கள்.

இப்போதைய லோடுக்கு முக்கால் பங்கு மட்டும் புக் செய்திருக்கிறேன்.